பல்கலைக்கழக நூலக அமைப்பில் திட்டமிடலும் ஒருங்கிணைப்பும்: சென்னைத் தென்புறநகரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மைய நூலகம், வளாக நூலகம், துறை நூலகம் எனப் பிரிந்து கிடக்கும் பல்கலைக்கழக நூலக அமைப்பில் திட்டமிடல், ஒருங்கிணைப்பு ஆகிய இரு நிர்வாகச் செயல்களும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்குப் பின் தமிழ் ஆய்வாளர் எதிர்கொள்ளும் நிலை தனியே கவனிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நூலக நிர்வாகம், துறை நூலகம், சந்தா, கூட்டு நூற்பட்டியல், எஸ்.ஆர்.ரங்கநாதன்.

முன்னுரை

ஒருங்கிணைப்பை நிர்வாகத்தின் தனிச் செயலாகக் கண்டவர்களுள் முன்னவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஆன்றி ஃபயோல். 1916இல் அவர் நிர்வாகத்தைத் திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என ஐந்தாகப் பகுத்தார். 1937இல் அமெரிக்கரான லூதர் குலிக் அதனை ஏழாக விரித்தார். இவ்விரண்டிற்கும் இடையில், 1935இல், சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலக நிர்வாகம் குறித்துத் தனி நூலே எழுதி வெளியிட்டார். அவருடைய கோலன் பகுப்பு முறை பேசப்படும் அளவிற்கு இந்நூல் பேசப்படுவதில்லை. நிர்வாகம் என்றால் கோப்பும் கையொப்பமும் என்று நாம் கருதிவிட்டதே அதற்குக் காரணம் எனலாம்.

சென்னைப் பல்கலைக்கழக முன்மாதிரி

சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். இலண்டனில் பயின்று 1925இல் திரும்பிய பின், பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகரே நூலைத் தேடி எடுக்கும் முறையைக் கொணர்ந்தார். இம்மாற்றம் வெறும் தாராள மனத்தால் நிகழ்ந்துவிடுவதன்று. அலமாரி திறந்தால் நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட வேண்டும். அதற்குப் பகுப்பெண் வேண்டும். இடம் மாறிய நூலை நாள்தோறும் சரிசெய்ய ஆள் வேண்டும். வாசகருக்கு வழிகாட்டும் பணியாளர் வேண்டும். ஒரு முடிவு நான்கு பிரிவுகளின் வேலையை ஒருசேர மாற்றுகிறது. வாசகரின் காலம் வீணாகக் கூடாது என்ற அவரது விதி இவ்விடத்தில்தான் நிர்வாக விதியாகிறது.

1936இல் அந்நூலகம் கடற்கரைச் சாலையில் தன் சொந்தக் கட்டடத்திற்குச் சென்றது. இன்று சேப்பாக்கம், கிண்டி, தரமணி, மெரினா என வளாகங்கள் பரவியுள்ள நிலையில், ஒரே கூரையின்கீழ் எளிதாக இருந்த ஒருங்கிணைப்பு கடினமாகியுள்ளது. துறை நூலகங்களைச் சேர்த்தால் சிக்கல் பெருகும். துறைத்தலைவரின் அறையிலுள்ள அலமாரி மைய நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பது முறை. ஏறாத நூல், ஆய்வாளரைப் பொறுத்தவரை, இல்லாத நூலே.

மூன்று நாட்காட்டிகள்

நூலகத் திட்டமிடலின் மையச் சிக்கல் பணப் பற்றாக்குறை எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அதற்கு நிகரான மற்றொன்று காலப் பொருத்தமின்மை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. கல்வியாண்டு ஜூன், ஜூலையை ஒட்டித் தொடங்குகிறது. பருவ இதழ்களின் சந்தா ஆண்டோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. இதழ்ச் சந்தாவை முன்கூட்டியே செலுத்த வேண்டும்; எனவே வரும் ஆண்டின் இதழ்ப் பட்டியலை நடப்பு நிதியாண்டின் நடுவிலேயே துறைகள் இறுதி செய்தாக வேண்டும். அப்போது புதிய ஆய்வாளர்கள் சேர்ந்திருப்பர். அவர்களுடைய தலைப்புகள் உறுதியாகியிரா. ஆகவே பழைய பட்டியலே புதுப்பிக்கப்படுகிறது.

நூல் கொள்முதல் இதற்கு நேர்மாறானது. துறைகள் பரிந்துரையைத் தாமதித்தால் தொகை ஆண்டிறுதிக்குத் தேங்கி, மார்ச் 31க்குள் செலவிட வேண்டிய நெருக்கடியாகிறது. நெருக்கடியில் வாங்கப்படுபவை வழங்குநர் கையிருப்பில் உள்ளவையாகவே அமையும். ஒரே அகராதியின் பல படிகள் வெவ்வேறு துறைகளில் இருப்பதும், அருகிய பதிப்பு ஒன்றுகூட இல்லாதிருப்பதும் இதன் விளைவு. நூலகக் குழு ஆண்டிற்கு ஒருமுறை கூடி ஒப்புதல் அளிப்பது இதற்குத் தீர்வாகாது. பரிந்துரை, நகல் சரிபார்ப்பு, கொள்முதல் ஆகியவற்றிற்கு மாதவாரியான கால அட்டவணை தேவை.

ஒரே சந்தாவும் அதன் எல்லையும்

நூலகங்களுக்கிடையேயான ஒருங்கிணைப்பு இந்தியாவில் புதிதன்று. டெல்நெட் 1988இல் தொடங்கியது. 1990களில் சென்னைக்கென மாலிப்நெட் இயங்கியது. 1991இல் திட்டமாகத் தொடங்கி 1996இல் தன்னாட்சி மையமான இன்ஃபிலிப்நெட், சோத்கங்கா என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியத்தையும், பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டு நூற்பட்டியலையும் நடத்திவருகிறது.

2024 நவம்பர் 25 அன்று நடுவண் அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான 3 நாட்காட்டி ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு ரூ.6,000 கோடி, 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 நிறுவனங்களுக்கு. இதழ்த் தேர்வு என்னும் திட்டமிடல் பணி பல்கலைக்கழகத்திலிருந்து பெருமளவு தேசிய அளவிற்குச் சென்றுவிட்டது.

இத்திட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கானது. தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டுத் தடத்தில் பொத்தேரியில் இறங்கினால் எதிரே எஸ்.ஆர்.எம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம். (முகவரி காட்டாங்குளத்தூர், அப்பெயர் கொண்ட நிலையமோ அடுத்தது.) இதே தடத்தில் குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம். அரசுப் பல்கலைக்கழக வளாகமான பின்னது திட்டத்தின் வரம்பிற்குள் வரும். தனியார் நிறுவனமான முன்னது தன் சந்தாவைத் தானே திட்டமிட வேண்டும். சில நிலையங்கள் இடைவெளியில் இருவேறு நிர்வாக உலகங்கள். நூலகங்களுக்கிடையேயான இரவல் முறை இங்கு உயிர்பெற வேண்டிய தேவை வெளிப்படை. ஆயினும் உரிம ஒப்பந்தங்கள் மின்னிதழ்ப் படிகளைப் பகிர்வதற்கு விதிக்கும் வரம்புகளை நூலகர் முதலில் படித்தறிய வேண்டும்.

தமிழ் ஆய்வாளரின் நிலை

பன்னாட்டு இதழ்த் தொகுப்புகளால் தமிழாய்வாளர் அடையும் பயன் குறைவு. அவருக்கு வேண்டியவை பழம்பதிப்புகள், சிற்றிதழ்கள், அச்சேறாத ஆய்வேடுகள். தென்சென்னையிலேயே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் உள்ளன. ஒவ்வொன்றும் தனி நிர்வாகம், தனிப் பட்டியல். பொத்தேரியில் தங்கிப் பயிலும் ஆய்வாளர் ஒரு பதிப்பைத் தேடி இவற்றிற்கு அலையும் நாள்கள் எந்த நிதிநிலை அறிக்கையிலும் செலவாகக் காட்டப்படுவதில்லை.

பட்டியல்களை இணைப்பதற்கு முதல் தடை பெயர். சாமிநாதையர், சுவாமிநாத ஐயர், உ.வே.சா. என ஒருவரே மூவராகப் பதிவாகலாம். ரோமன் எழுத்தில் பெயர்த்தால் வேறுபாடு இன்னும் கூடும். எனவே பொதுவான ஆசிரியர் பெயர் வரையறைப் பட்டியலே முதற்பணி. இதற்குப் பெருநிதி தேவையில்லை. தமிழ்த்துறையினரும் நூலகரும் ஒரே மேசையில் அமர வேண்டும். இதழ்ச் சந்தாவில் மீதமாகும் தொகை அரசுப் பல்கலைக்கழகங்களில் எங்குச் செல்லும் என்பது இனிவரும் நூலகக் குழுக் கூட்டங்களில் முடிவாகும். துறை அலமாரிகளைப் பட்டியலிடும் பணிக்கு அதில் ஒரு பங்கைக் கோரித் தமிழ்த்துறைகள் இப்போதே எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். 2027இல் திட்டத்தின் முதற்கட்டம் முடிவதற்குள் அப்பட்டியல் ஆயத்தமாக வேண்டும்.