பழைய லாரிக்கு உயிர் கொடுப்பதா... புது லாரிக்கு டியூ கட்டுவதா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் தெருவுக்கு நாலு வீட்டிலாவது லாரி பேச்சு இருக்கும். நாலைந்து வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, தானே டிரைவராகவும் ஓடி, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். அந்த ஒற்றை வண்டிக்குப் பத்து வயதைத் தாண்டும்போது, கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே கேள்வி வந்து நிற்கும்.

வண்டி புகை தள்ளுகிறது. ஆயில் குடிக்கிறது. மேட்டில் இழுவை இல்லை. பட்டறையில் இன்ஜினை இறக்கி, முழுசாக வேலை பார்த்து இன்னும் சில வருடம் ஓட்டுவதா? இல்லை, கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிட்டு, அதிக மைலேஜ் கொடுக்கும் புது வண்டியை எடுப்பதா? தப்பாக முடிவெடுத்தால் வண்டியோடு போகாது. வீட்டுப் பத்திரமும் நகையும்கூட அந்த முடிவில் மாட்டிக்கொள்ளும்.

இன்ஜினை இறக்கினால் என்ன கிடைக்கும்?

பழைய இன்ஜினுக்கு முழு வேலை என்றால் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. கிராங்க் ஷாஃப்ட் லேத் பட்டறைக்குப் போய் கிரைண்டிங் ஆகி வரும். ஹெட்டில் வால்வு வேலை. டீசல் பம்பையும் நாசிலையும் கழற்றி, அதற்கான பட்டறையில் அளவு வைத்து வாங்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் புகை நிற்கும், இழுவை திரும்பும், ஆயில் செலவு குறையும்.

ஆனால், எந்த மெக்கானிக்காலும் முடியாத ஒன்று உண்டு. அந்த இன்ஜின் புதிதாக இருந்தபோது என்ன மைலேஜ் கொடுத்ததோ, அதற்குப் பக்கத்தில்தான் கொண்டுவர முடியும். அதைத் தாண்ட முடியாது. இன்னொன்று, இன்ஜின் மட்டுமே வண்டி இல்லை. இன்ஜின் சரியானதும் அடுத்து கியர் பாக்ஸ் சத்தம் கேட்கும், பிறகு கிரௌன், கமான் பட்டை, கேபின் டிங்கரிங் என்று வரிசை கட்டும். அதனால் பட்டறைக்குப் போகும் முன்பு சேஸைப் பார்க்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் பழக்கம். சேஸில் விரிசலோ வளைவோ இருந்தால், இன்ஜினுக்குப் போடும் பணம் வீண்.

அமெரிக்காவிலும் இதே இழுபறி உண்டு. அங்கே புது கேபினும் சேஸும் வாங்கி, அதில் பழைய இன்ஜினைச் சீர்செய்து பொருத்தும் ‘கிளைடர்’ லாரிகள் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன. புது இன்ஜின்களின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வைக்கும் செலவிலிருந்து தப்பிக்கத்தான் அந்த வழி. பழைய இன்ஜின் அதிகம் புகை கக்குகிறது என்று 2016-ல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைப்பு விதிகளை இறுக்கியது.

புதுசு தரும் மைலேஜ், கேட்கும் கவனிப்பு

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வண்டிகள்தான் விற்பனை. டீசல் எவ்வளவு, எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதை எலெக்ட்ரானிக் கட்டுப்பாடே முடிவு செய்வதால் எரிபொருள் வீணாவது குறைவு. 2018-ல் ஆக்ஸில் லோடு அளவு உயர்த்தப்பட்டபோது, பத்து சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அந்த வரம்புக்கு ஏற்றபடி வரும் புது வண்டியில் ஒரு டிரிப்புக்கு ஏற்றும் சரக்கும் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் வாங்குபவருக்கு லாபம்.

மறுபக்கமும் இருக்கிறது. பி.எஸ்.6 வண்டிக்கு டீசலோடு ஆட்புளூவும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தாலோ, மட்டமான சரக்கை ஊற்றினாலோ வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்றும் உண்டு. நெடுஞ்சாலையில் நீளமாக ஓடும்போது அந்தக் கரி சூட்டில் எரிந்து சுத்தமாகிவிடும். குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் ஓடி, நின்று, மறுபடி ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டே இருக்கும். சென்சார் கோளாறு என்றால் ரோட்டோர மெக்கானிக்கின் ஸ்பேனரால் மட்டும் ஆகாது. கம்ப்யூட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நோட்டுப் புத்தகக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பழைய பத்து சக்கர வண்டி லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர், புதுசு 4.2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டீசல் 92 ரூபாய். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓட்டம்.

பழைய வண்டிக்கு சுமார் 2,286 லிட்டர் டீசல். புதுசுக்கு 1,905 லிட்டர். மிச்சம் 381 லிட்டர், அதாவது 35,000 ரூபாய். டீசலில் 5 சதவிகித அளவுக்கு ஆட்புளூ, லிட்டர் 50 ரூபாய் என்றால் அதற்கு 4,800 ரூபாய் கழியும். கையில் நிற்பது மாதம் 30,000 ரூபாய் சொச்சம்.

இப்போது டியூ. வண்டி 40 லட்சம், கையிலிருந்து 6 லட்சம், கடன் 34 லட்சம். 10 சதவிகித வட்டியில் 5 வருடத்துக்கு மாதம் சுமார் 72,000 ரூபாய். டீசல் மிச்சம் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை!

பழைய வண்டியைச் சீர்செய்ய எல்லாம் சேர்த்து 8 லட்சம், அதை 4 வருடம் ஓட்டலாம் என்றால், வட்டி இல்லாமல் மாதம் 16,700 ரூபாய். அதோடு கூடுதலாகக் குடிக்கும் டீசல் 30,000. மொத்தம் 47,000 ரூபாய். இந்தக் கணக்கில் மாதம் 25,000 ரூபாய் அளவுக்குப் பழைய வண்டியே ஜெயிக்கிறது.

ஆனால், ஓட்டம் மாறினால் முடிவும் மாறும். மாதம் 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மிச்சம் 45,000 ரூபாயைத் தாண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 10,000 ரூபாய்தான். புது வண்டி ஒரு லோடு கூடுதலாக அடித்தாலோ, பழைய வண்டி இரண்டு மூன்று நாள் பட்டறையில் நின்றாலோ அந்த வித்தியாசம் காணாமல் போகும். உள்ளூரில் மாதம் 4,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு மிச்சம் 15,000 ரூபாய்தான். அங்கே புது வண்டி டியூ கழுத்தை நெரிக்கும்.

இன்னொரு உண்மையும் இதில் ஒளிந்திருக்கிறது. லோடு கிடைக்காத மாதத்தில் டீசல் செலவு இருக்காது, ஆனால் டியூ இருக்கும்.

காலண்டரையும் பார்க்க வேண்டும்

பலர் மறந்துவிடுவது இதைத்தான். நேஷனல் பர்மிட்டுக்கு வயது வரம்பு உண்டு. இரண்டு ஆக்ஸில் வண்டிக்கு 12 வருடம், மல்ட்டி ஆக்ஸிலுக்கு 15 வருடம். 14 வயது பத்து சக்கர வண்டிக்கு 8 லட்சம் செலவு செய்தால், வெளிமாநில லோடு அடித்து அதை எடுக்க மிச்சம் இருப்பது ஒரே வருடம்!

எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருக்கும் எஃப்.சி., அதன் பிறகு வருடா வருடம். 15 வயதைத் தாண்டிய கனரக வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் எஃப்.சி. கட்டணம் 12,500 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது. பசுமை வரி தனி. டெல்லி பக்கம் லோடு அடிப்பவர்களுக்குப் பழைய டீசல் வண்டி என்றாலே கெடுபிடிதான்.

வண்டியைப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துப் புதிய சரக்கு வண்டிக்கு வரிச் சலுகை 15 சதவிகிதம் வரை தரலாம் என்பது மத்திய அரசின் விதி. பதிவுக் கட்டணமும் இல்லை. அடிமாட்டு விலைக்கு விற்கும் முன்பு அதையும் ஒருமுறை விசாரிக்கலாம்.

யாருக்கு எது?

வண்டிக்குப் பத்துப் பதினொரு வயதுக்குள், சேஸ் நல்ல நிலையில், மாத ஓட்டம் குறைவு, வாடகை நிலையில்லை என்றால் பட்டறைதான் புத்திசாலித்தனம். கையோடு ரேடியல் டயர், சரியான காற்று, வீல் அலைன்மென்ட், படபடக்காமல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய், நிதானமான வேகம் ஆகியவற்றைக் கவனித்தாலே பழைய வண்டியிலும் டீசல் மிச்சம் தெரியும்.

ஒப்பந்த லோடு கையில் இருக்கிறது, நெடுந்தூர ஓட்டம், பழைய வண்டிக்கு பர்மிட் வயது நெருங்குகிறது என்றால் புதுசுதான் வழி. உடம்புக் கணக்கும் ஒன்று உண்டு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசு அறிவித்திருக்கிறது. நாக்பூர் வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து ஓட்டும் மனிதருக்கும், வீட்டில் அவருக்காகக் காத்திருப்பவர்களுக்கும் அது ஆடம்பரம் இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. நான்கைந்து வயதான, ஒரே கையில் ஓடிய பி.எஸ்.6 வண்டியை, சர்வீஸ் ரெக்கார்டோடு பார்த்து வாங்குவது. மைலேஜும் கிடைக்கும், டியூவும் பாதியாகும்.

எதை எடுப்பதானாலும், ஷோரூமுக்கோ பட்டறைக்கோ போகும் முன்பு மூன்று மாதம் ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எத்தனை நாள் நின்றது, வாடகை எவ்வளவு வந்தது என்று தினமும் எழுதுங்கள். பல லாரி வீடுகளில் இந்த நோட்டு வீட்டுக்காரம்மா கையில்தான் இருக்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், முடிவு பெரும்பாலும் தப்பாகாது.