கூப்பிட்டால் வரும் நாய்

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்தான் அதிகம். அதிலும் 'ஏ.எல்.எல்.' என்று டாக்டர்கள் சொல்லும் வகைக்குச் சிகிச்சை முடிய இரண்டு, மூன்று வருடங்கள் ஆகும். அண்ணனுக்கு அது வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மா அவனோடு ஆஸ்பத்திரியில் இருப்பார். அப்பாவுக்கு வேலைக்கும் வார்டுக்கும் அலையவே நேரம் சரியாக இருக்கும். வீட்டில் பாட்டியும் தங்கையும். "நீ சமத்துல்ல, பாட்டியைப் படுத்தாம இரு" என்று போனில் அம்மா சொல்வதோடு தங்கையின் பங்கு முடிந்துவிடும். சமத்தாக இருக்கச் சொல்லப்பட்ட பிள்ளை, தனக்குப் பயமாக இருக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்லும்? நாய் வளர்க்கும் வீடு என்றால் பெரும்பாலும் மணியிடம்தான். (நம் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மணி!)

மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உண்மையிலேயே மனபாரம் இறங்குகிறதா, அல்லது அது நாய்ப்பிரியர்களின் கதையா? 2017இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டார்லின் கெர்டெஸ் குழு இதைச் சோதித்து வெளியிட்டது. நாய் வளர்க்கும் சுமார் 100 குடும்பங்களிலிருந்து 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளை அழைத்து, மேடைப்பேச்சு, மனக்கணக்கு என்று வியர்க்க வைத்தார்கள். சிலருக்கு வீட்டு நாய் துணை, சிலருக்கு அம்மாவோ அப்பாவோ துணை, மற்றவர்கள் தனியே. நாய் பக்கத்தில் இருந்த பிள்ளைகள்தான் குறைவாகப் பதற்றப்பட்டதாகச் சொன்னார்கள். பெற்றோர் துணைகூட அந்த அளவுக்கு உதவவில்லை.

அதைவிடச் சுவாரசியமான செய்தி அந்தப் பிள்ளைகளின் எச்சிலில் இருந்தது. பதற்றத்தில் கூடும் ஹார்மோன் கார்ட்டிசால். நாயைத் தானே கூப்பிட்டுத் தடவிக்கொடுத்த பிள்ளைகளிடம் அது குறைந்திருந்தது. கூப்பிடாமலே நாய் வந்து சுற்றிச்சுற்றி நின்ற பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே பதறிப்போயிருந்த பிள்ளையைத்தான் நாய் தேடிப் போனதோ என்னவோ. எப்படியானாலும், நாயை மாத்திரைபோல எடுத்துப் புகட்ட முடியாது. "போ, மணியோட விளையாடு" என்று விரட்டுவதும் பிள்ளையே எழுந்துபோய் மணியைத் தேடுவதும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்யும் அந்த நாட்களில், தங்கை தன் இஷ்டப்படி கூப்பிடக்கூடிய ஒரே ஆள் மணி.

மணிக்கு அண்ணனின் நோய் தெரியுமா? நோயின் பெயர் தெரியாது, அழுகை தெரியும். லண்டனில் கஸ்டன்ஸ், மேயர் என்ற இருவர் 2012இல் வெளியிட்ட சோதனையில் 18 நாய்கள் முன்னால் ஆட்கள் பேசினார்கள், முணுமுணுத்துப் பாடினார்கள், அழுவதுபோல நடித்தார்கள். அழுதவரிடமே நாய்கள் அதிகம் போயின. அழுதது முன்பின் அறியாதவராக இருந்தபோது, பக்கத்தில் இருந்த எஜமானரை விட்டுவிட்டு அவரிடம் போயின. இதைப் பரிவு என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வாளர்களே தயங்கினார்கள். அழுகிறவரிடம் போனால் தடவல் கிடைக்கும் என்று நாய் கற்றிருக்கலாம். இருக்கட்டுமே. திண்ணையில் உட்கார்ந்து அழும் சிறுமிக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

பார்வைக்கும் இதில் பங்கு உண்டு. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். தாயையும் சேயையும் பிணைக்கும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

ஆனால் பாரம் முழுவதையும் மணியின் தலையில் இறக்கிவிடக் கூடாது. 2019இல் ஸ்வீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகம் 58 நாய்களின் ரோமத்தையும் வளர்ப்பவர்களின் முடியையும் ஒப்பிட்டது. வளர்ப்பவர்களிடம் கார்ட்டிசால் ஏறினால் நாயிடமும் ஏறியிருந்தது. வீடு கலங்கினால் மணியும் கலங்கும். சாப்பிடாமல் கிடக்கும், வாசலையே பார்க்கும். அதற்கும் வேளைக்குச் சோறும் நடையும் வேண்டும். அந்தப் பொறுப்பைத் தங்கையிடம் தரலாம். வீட்டில் எல்லாம் புரண்டு கிடந்தாலும் மணிக்கு மாலையில் பசிக்கத்தானே செய்யும்?

அண்ணன் திரும்பும்போது நாயை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். சிகிச்சையில் அவனுடைய வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், கிருமி எளிதில் தொற்றும். அந்தக் கவலை நியாயமானது. டாக்டரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். மணிக்குத் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவறக் கூடாது. முகத்தையோ புண்ணையோ நக்க விடக் கூடாது, தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதன் கழிவை அண்ணன் அள்ளக் கூடாது. இவ்வளவும் நடந்தால் பல வீடுகளில் நாயை அனுப்ப வேண்டிய தேவையே வருவதில்லை.

முடி உதிர்ந்து, மருந்து வாடையோடு வந்து நிற்பவனை மணி உடனே அடையாளம் காணாமல் சற்றுத் தள்ளி நின்று மோப்பம் பிடிக்கலாம். "என்னை மறந்துடுச்சா?" என்று அவன் முகம் வாடும். தங்கைக்கு இப்போது மணியின் போக்கு அத்துப்படி. "இல்லண்ணா, நீ அதோட பேசு, குரல் கேட்டா வந்துடும்" என்பாள்.