10 ரூபாய் காசு கள்ளக் காசா? கல்லாவில் முடங்கிக் கிடக்கும் நல்ல பணம்!

சென்னை,

சென்னையில் டீக்கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வாங்கிப் போடும் 10 ரூபாய் காசு, பஸ் ஏறி வடமாவட்டப் பக்கம் போனதும் கள்ளக் காசு ஆகிவிடுகிறது! "இது இங்க ஓடாது சார், நோட்டா குடுங்க" என்று கையை நீட்டாமலே சொல்லிவிடும் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஒரே அரசாங்கம், ஒரே காசு. ஊர்தான் வேறு.

முதலிலேயே சொல்லிவிடுவோம். அரசு வெளியிட்ட 10 ரூபாய் காசு அத்தனையும் செல்லும். ரூபாய்ச் சின்னம் இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும். பின்னே எப்படிக் கிளம்பியது இந்தப் புரளி?

15 கோடும் 10 கோடும்

வெளியே மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை வட்டம் என்று இரட்டை உலோகத்தில் அடித்த 10 ரூபாய் காசு 2009-ல் மக்கள் கைக்கு வந்தது. அப்போது ரூபாய்க்குத் தனிச் சின்னமே கிடையாது. 2010 ஜூலையில்தான் மத்திய அரசு ஒரு சின்னத்தை ஏற்றுக்கொண்டது. அதை வரைந்த உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர். 2011-ல் சின்னத்தோடு புதுக் காசு வந்தது. பழசில் கதிர் மாதிரி 15 கோடு. புதுசில் 10 கோடு. நடுநடுவே வைஷ்ணோ தேவி, அம்பேத்கர், யோகா தினம் என்று நினைவுக் காசுகள் வேறு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி எண்ணிச் சொன்ன கணக்குப்படி மொத்தம் 14 டிசைன்!

இது போதாதென்று வருஷத்துக்குக் கீழே பொடி அடையாளம் ஒன்று இருக்கும். மும்பையில் அடித்தால் வைரம், ஐதராபாத்தில் நட்சத்திரம், நொய்டாவில் புள்ளி. கொல்கத்தா காசில் ஒன்றுமே இருக்காது.

கல்லாவில் கைவிட்டு நாலு காசை எடுத்தால் நாலும் நாலு முகம். கடைக்காரர் என்ன நினைப்பார்? ஒன்று அசல், மற்றது டூப்பு! அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

டெல்லியில் சிக்கிய ஆலை

முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 2016 அக்டோபரில் டெல்லி பவானா பகுதியில் 5 ரூபாய், 10 ரூபாய் கள்ளக் காசு அடித்த ஆலையைப் போலீசார் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே, நவம்பர் 8-ந் தேதி ராத்திரி, 500-ம் 1000-மும் செல்லாது என்ற அறிவிப்பு! கட்டுக் கட்டாக நோட்டே செல்லாமல் போன நாட்டில், காசு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? அதே நவம்பர் 20-ந் தேதி ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்தது. 2018-ல் மறுபடி விளக்கம். 14440 என்று ஒரு போன் நம்பரும் கொடுத்துப் பார்த்தார்கள். விளக்கம் போய்ச் சேர்ந்த ஊருக்கெல்லாம் வதந்தி முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இங்கிலாந்து கதையைக் கேளுங்கள். அங்கே பழைய ஒரு பவுண்டு காசில் சுமார் 30-க்கு ஒன்று கள்ளக் காசாக இருந்தது. ஜனங்கள் அதையும் சேர்த்தே செலவழித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2017-ல் 12 பக்கம் உள்ள புதுக் காசை விட்டு, பழசை அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொண்டது. நாம் தலைகீழ். நல்ல காசையே வேண்டாம் என்கிறோம்.

யார் தலையில் விடிகிறது?

பெரிய கடைக்காரருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. முழம் போட்டு விற்கிற பூக்காரம்மா, சுண்டல் வண்டிக்காரர், பெட்டிக்கடைக்காரர் இவர்களிடம்தான் காசு சேருகிறது. நாள் முழுக்க 50 காசு சேர்ந்தால் 500 ரூபாய். மறுநாள் விடியற்காலையில் சரக்கு எடுக்க வேண்டிய முதல் அது. மொத்த வியாபாரி வாங்க மாட்டேன் என்றால்? கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். வீட்டிலோ டப்பா நிறைய நல்ல பணம்!

2022-ல் தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் சேலத்தில் 6 லட்சம் ரூபாய்க்கு 10 ரூபாய் காசாகவே கொட்டி கார் வாங்கினார். காசு செல்லும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். ஒரு காசு 7.71 கிராம். 6 லட்சத்துக்கு 60 ஆயிரம் காசு. நிறுத்தால் 460 கிலோவுக்கு மேல்! காரைவிடக் காசைத் தூக்குவதுதான் பெரும்பாடாக இருந்திருக்கும்.

ஜிபே வந்த பிறகு

இப்போது வேறு ஒரு சிக்கல். இளநீர் வண்டி வரைக்கும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்ததைப் பெட்டியே சத்தம் போட்டுச் சொல்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு காசை வேண்டாம் என்றால் வியாபாரம் போய்விடுமே என்ற பயம் கடைக்காரருக்கு இருந்தது. இப்போது "ஜிபே பண்ணிடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். போன் இல்லாத பாட்டி என்ன செய்வார்? காசு அவர் சுருக்குப் பையிலேயே தங்கிவிடுகிறது.

ரிசர்வ் வங்கியும் சும்மா இல்லை. க்யூஆர் காட்டினால் காசு கொட்டும் இயந்திரத்தை 12 நகரங்களில் சோதனைக்கு வைக்கப்போவதாக 2023 பிப்ரவரியில் சொன்னது. காரணம்தான் வேடிக்கை. நோட்டைப் போட்டுக் காசு எடுக்கும் பழைய இயந்திரத்தில் ஜனங்கள் போட்ட நோட்டு பல சமயம் கள்ள நோட்டாக இருந்ததாம்! ஆக, சந்தேகப்பட வேண்டியது காசை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2011-ம் வருஷ நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் 1000 ரூபாய் வரைக்கும் செல்லுபடியாகும். அதற்கு மேல் மூட்டையாகக் கொண்டுவந்தால் கடைக்காரர் வேண்டாம் எனலாம். வங்கியில் கணக்கில் கட்டுவதற்கு இந்த உச்சவரம்பு கிடையாது. 100, 100 காசாகப் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுபோனால் எண்ணுகிறவருக்கும் எரிச்சல் வராது.

கள்ளக் காசு அடித்தாலும், தெரிந்தே அதை அடுத்தவர் தலையில் கட்டினாலும் ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். சந்தேகமான காசு கையில் வந்தால் இருட்டில் பஸ் கண்டக்டரிடம் தள்ளிவிடப் பார்க்க வேண்டாம். வங்கியிலோ போலீஸ் நிலையத்திலோ கொடுத்துவிடுவதுதான் நல்லது.

வங்கிக்காரரே காசை வாங்க மறுத்தால் மேலாளரிடம் புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பலாம். செலவு கிடையாது.