நட்சத்திர வேடத்தில் ஒரு கேலக்ஸி

கன்னி ராசி மண்டலத்தில் ஒரு நீலப் புள்ளி இருக்கிறது. பெயர் 3சி 273. தொலைநோக்கியில் பார்த்தால் சாதாரண நட்சத்திரம்தான். ஆனால் அந்தப் பக்கமிருந்து பலமான ரேடியோ அலைகள் வந்துகொண்டிருந்தன. வருவது இதிலிருந்துதான் என்று 1962-ல் உறுதியானது. நிலா அதைக் கடந்துபோனபோது அலை எந்த நொடியில் அறுந்தது, எந்த நொடியில் திரும்பியது என்பதை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்தது. சிரில் ஹசார்டின் குழுவினர் அதை வைத்து இடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த பிப்ரவரியில், கலிபோர்னியாவில், பலோமார் தொலைநோக்கி எடுத்துக் கொடுத்த அதன் நிறமாலையோடு உட்கார்ந்திருந்தார் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட். கோடுகள் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. ஆனால் சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகப் போக அவை நெருங்கிக்கொண்டே வந்தன. ஹைட்ரஜனின் கோடுகளும் அப்படித்தான் நெருங்கும். விகிதம் போட்டுப் பார்த்தார். ஹைட்ரஜனேதான், எல்லாக் கோடுகளும் சுமார் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. பிரபஞ்சம் விரிவதால் வரும் நகர்வு என்றால், தூரம் 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல்! ஒரு பெரிய கேலக்ஸியைப்போல நூறு மடங்கு ஒளி அந்தப் புள்ளிக்குள் இருந்தாக வேண்டும். கருவி புதிதல்ல, கோடுகளும் பள்ளிப் பாடத்தில் வருபவை. அவ்வளவு பெரிய தூரத்தை நம்பத் துணிந்ததுதான் ஷ்மிட்டின் சாதனை என்பேன்.

பழைய புகைப்படத் தகடுகளைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது: அதன் வெளிச்சம் கூடிக் குறைகிறது, அதுவும் விரைவாக. ஒளியே கடக்க ஆண்டுக்கணக்காகும் பெரிய பொருளால் அப்படி ஒருசேர மாற முடியாது. அத்தனை ஒளியும் ஒரு கேலக்ஸியின் நடுவே உள்ள சின்ன இடத்திலிருந்து வருகிறது.

அங்கே இருப்பது ராட்சதக் கருந்துளை. அதற்குள் போன ஒளி திரும்பாது. ஆனால் விழப்போகிற வாயு நேராக விழுவதில்லை. தட்டுபோலச் சுழன்று, உரசி, கொதித்து ஒளிர்கிறது. நட்சத்திரங்களுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் ஒரு சதவீதம்கூட ஆற்றலாவதில்லை. இந்தத் தட்டிலோ பத்து சதவீதமும் ஆகலாம். பிரபஞ்சத்தின் மிகப் பிரகாசமான விளக்குகளான 3சி 273 போன்ற குவேசார்கள் கருந்துளைகளின் வாசலில் எரிவது இதனால்தான்.

வாயு தீர்ந்தால் விளக்கு அணையும், கருந்துளை அப்படியே இருக்கும். ஆகவே அக்கம்பக்கத்துக் கேலக்ஸிகளின் மையங்களில் அணைந்துபோன குவேசார்கள் கிடக்க வேண்டும் என்று 1969-லேயே சொன்னார் வானியலாளர் டொனால்ட் லிண்டன்-பெல். நம் பால்வீதியின் நடுவிலும் 40 லட்சம் சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. 3சி 273-ன் கருந்துளையை 2018-ல், சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளை இணைத்து எடைபோட்டார்கள்: சுமார் 30 கோடி சூரியன்கள்.