பணிப்பெண் வேடமும் ஒரு நிபந்தனையும்: எஸ்தர் ரோலின் கலை வாழ்க்கை

ஒடுக்கப்பட்ட மக்களின் முகம் திரையில் தெரிகிறதா என்பது ஒரு கேள்வி. அந்த முகத்தை யார் எழுதுகிறார்கள், எந்த நிபந்தனையின் பேரில் அது திரைக்கு வருகிறது என்பது அதற்கடுத்த, அதைவிடக் கடினமான கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் விடாமல் எழுப்பியவர் அமெரிக்கக் கறுப்பின மேடை, தொலைக்காட்சி நடிகை எஸ்தர் ரோல் (1920–1998).

அவரைப் பற்றிய இரண்டு செய்திகளை அருகருகே வைத்தால் ஒரு முரண்பாடு கண்ணில் படும். அவருக்குப் புகழைத் தந்தவை பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண் வேடங்கள். ஆனால், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., கறுப்பினத்தவர் பற்றிய பிம்பத்தை உயர்த்தியவர் என்று 1990ஆம் ஆண்டு அவருக்குக் குடியுரிமைத் தலைமைத்துவ விருதை வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. பணிப்பெண்ணாக நடித்த ஒருவர் எப்படிப் பிம்பத்தை உயர்த்தியவர் ஆனார்? இதைப் புரிந்துகொள்ள, அவர் நடித்த பாத்திரங்களோடு அவர் விதித்த நிபந்தனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

காய்கறித் தோட்டத்திலிருந்து மேடைக்கு

ஃபுளோரிடா மாநிலத்தின் பொம்பானோ பீச் என்னும் ஊரில் 1920 நவம்பர் 8 அன்று எஸ்தர் ரோல் பிறந்தார். பெற்றோர் பகாமா தீவுகளிலிருந்து குடியேறியவர்கள். தந்தை காய்கறி பயிரிட்ட விவசாயி. 18 குழந்தைகளில் பத்தாவது குழந்தை எஸ்தர். அவருடைய சகோதரிகளில் எஸ்டெல் எவன்ஸ், ரோசன்னா கார்ட்டர் ஆகிய இருவரும் நடிகைகளாயினர். வெள்ளை வழக்கறிஞர் ஒருவரின் நீதியுணர்வைப் போற்றும் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962) திரைப்படத்தில், அவ்வழக்கறிஞர் வீட்டுப் பணிப்பெண்ணாக நடித்தவர் இந்த எஸ்டெல்தான். ஒரே குடும்பத்தின் இரு சகோதரிகளுக்கும் திரையுலகம் திறந்துவிட்ட வாசல் சமையலறை வாசலாகவே இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த எஸ்தர், ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்துகொண்டே கல்வியையும் கலையையும் தொடர்ந்தார். ஆப்பிரிக்க நடனத்தை அமெரிக்க மேடைக்குக் கொண்டுவந்த அசடாட்டா டஃபோராவின் குழுவில் பல ஆண்டுகள் ஆடினார். 1960இல் அக்குழுவின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். 1962இல் ழான் ழெனேயின் 'தி பிளாக்ஸ்' நாடகத்தில் நடித்தார். தொடர்ந்து ஜேம்ஸ் பால்ட்வினின் 'புளூஸ் ஃபார் மிஸ்டர் சார்லி', 'தி ஆமென் கார்னர்' ஆகிய நாடகங்களில் பங்கேற்றார்.

அவரது மேடை வாழ்வின் முக்கியக் கட்டம் 1967இல் தொடங்கியது. அமெரிக்க நாடக அரங்கம் வெள்ளையருக்கு மட்டுமானதா என்று 1966இல் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் வெளிப்படையாகக் கேட்ட டக்ளஸ் டர்னர் வார்ட், ராபர்ட் ஹூக்ஸ், ஜெரால்ட் குரோன் ஆகியோருடன் இணைந்து 'நீக்ரோ என்செம்பிள் கம்பெனி'யை அடுத்த ஆண்டு நிறுவினார். கறுப்பின நாடகாசிரியர்கள் எழுதவும், கறுப்பின நடிகர்கள் பயிலவும், கறுப்பினப் பார்வையாளர்கள் தங்களைக் காணவும் உருவான அரங்கம் அது. அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் எஸ்தர் ஒருவர். பிறர் எழுதித் தரும் வேடத்துக்காகக் காத்திராத ஒரு கூட்டு அமைப்பில் பயின்ற அனுபவத்தோடுதான் அவர் பின்னாளில் தொலைக்காட்சிக்குள் நுழைந்தார்.

பணிப்பெண் பிம்பமும் பணிப்பெண்ணின் சட்ட நிலையும்

பணிப்பெண் வேடம் என்பது அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு வெறும் வேடம் அன்று. 'கான் வித் தி விண்ட்' படத்தில் 'மம்மி' என்ற பணிப்பெண்ணாக நடித்து 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற ஹாட்டி மெக்டேனியல், விருது விழாவில் சக நடிகர்களுடன் அல்லாமல் தனியாகப் போடப்பட்ட மேசையில்தான் அமர்த்தப்பட்டார். கறுப்பினப் பெண் ஒருவரை மையமாகக் கொண்ட முதல் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரான 'பியூலா' (1950–1952), வெள்ளைக் குடும்பத்தின் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் பணிப்பெண்ணின் கதை. அப்பணிப்பெண்ணுக்கென ஒரு குடும்பம் இருக்கக்கூடும், அவளுக்கும் சிக்கல்கள் உண்டு என்ற எண்ணமே அந்தப் பிம்பத்தில் இல்லை.

இப்பிம்பத்துக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் விலக்கிவைத்தது. குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்த 1938ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் அவர்கள் வெளியே நின்றனர். தென் மாநிலங்களில் இவ்விரு வேலைகளையும் பெருமளவில் செய்தவர்கள் கறுப்பின மக்களே. வீட்டுப் பணியாளர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி குறைந்தபட்ச ஊதியம் கிடைத்தது 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான். திரையில் விசுவாசமாகச் சிரித்த பணிப்பெண்ணுக்கு, உண்மையான சமையலறையில் ஊதிய உரிமை கிடைக்க 36 ஆண்டுகள் பிடித்தன. அவளைக் குடும்பத்தில் ஒருத்தி என்று காட்டும் பிம்பம், அவள் ஒரு தொழிலாளி என்ற உண்மையை மறைக்கிறது. இந்த மறைப்பினால் யாருக்கு ஆதாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

முன்வாசலும் பின்வாசலும்

1972இல் தயாரிப்பாளர் நார்மன் லியர், 'மோட்' என்ற தொடரில் பணிப்பெண் பாத்திரத்துக்கு எஸ்தரை அழைத்தபோது அவருக்கு வயது 51. பணிப்பெண் பிம்பத்தை வெறுத்த அவர் முதலில் தயங்கினார். எதிர்த்துப் பேசும், தன் கருத்தைச் சொல்லும் பெண்ணாக அப்பாத்திரம் அமைந்ததாலேயே ஏற்றுக்கொண்டார். அப்பாத்திரத்தின் பெயர் ஃபுளோரிடா எவன்ஸ்.

அவர் அறிமுகமாகும் அத்தியாயம் இன்றும் படிப்பினைக்குரியது. வீட்டு எஜமானி மோட், முற்போக்கு எண்ணம் கொண்ட வெள்ளைப் பெண். கறுப்பினப் பணிப்பெண்ணைச் சமமாக நடத்துவதாகக் காட்டிக்கொள்ளத் துடிக்கிறாள். பின்வாசல் வழியாக வரக் கூடாது, முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும், தங்களோடு அமர்ந்துதான் உண்ண வேண்டும் என்றெல்லாம் வற்புறுத்துகிறாள். ஃபுளோரிடாவுக்கோ இது சலிப்பைத் தருகிறது. தன் வேலையைத் தன் வசதிப்படி செய்யவிட்டால் போதும் என்பதே அவள் நிலை. எஜமானியின் குற்றவுணர்வைத் தணிப்பது பணியாளரின் கூடுதல் வேலையாகிவிடக் கூடாது என்பதை, முழக்கம் ஏதுமின்றி நகைச்சுவையாகவே அக்காட்சி சொல்லிவிடுகிறது. எந்த வாசலில் நுழைவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதுதான் அங்கே எழுந்த வினா.

தந்தை வேண்டும் என்ற நிபந்தனை

ஃபுளோரிடா பாத்திரத்துக்குக் கிடைத்த வரவேற்பால், அவளை மையமாகக் கொண்ட தனித் தொடர் திட்டமிடப்பட்டது. மைக் எவன்ஸ், எரிக் மான்டே என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய 'குட் டைம்ஸ்' தொடர் சிகாகோவின் அரசுக் குடியிருப்பில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தைப் பற்றியது. முதல் திட்டத்தில் தாயும் மூன்று பிள்ளைகளும் மட்டுமே இருந்தனர். தந்தை இல்லை. கணவர் இல்லாவிட்டால் நடிக்க மாட்டேன் என்று எஸ்தர் உறுதியாக மறுத்தார். அந்த மறுப்பால் உருவானதே ஜான் ஏமோஸ் நடித்த ஜேம்ஸ் எவன்ஸ் என்னும் தந்தைப் பாத்திரம்.

குடும்ப அமைப்பின்மீதான பழைமைப் பற்று என்று இதைக் கடந்துபோய்விடக் கூடாது. 1965இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரி டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் தயாரித்த அறிக்கை, கறுப்பினக் குடும்பங்கள் தாயைத் தலைமையாகக் கொண்டு சிதைந்திருப்பதைக் கறுப்பினத்தாரின் பின்தங்கிய நிலைக்கான அடிப்படைக் காரணங்களுள் ஒன்றாக முன்வைத்தது. வேலையின்மையும் இன ஒதுக்கலும் பின்னுக்குப் போயின. 'தந்தை இல்லாத கறுப்புக் குடும்பம்' பொதுப்புத்தியில் பதிந்தது.

ஆனால், தந்தையை வீட்டிலிருந்து வெளியேற்றியதில் அரசுக்கே பங்கு இருந்தது. ஏழைக் குழந்தைகளுக்கான உதவித்தொகைத் திட்டத்தில், வீட்டில் ஆண் ஒருவர் இருந்தால் உதவியை நிறுத்தும் விதிகளைப் பல மாநிலங்கள் வைத்திருந்தன. அலபாமா மாநிலம் இன்னும் ஒருபடி மேலே சென்று, தாயுடன் உறவில் இருக்கும் எந்த ஆணையும் 'மாற்றுத் தந்தை' என்று கருதிக் குழந்தைகளின் உதவியை வெட்டியது. ஏறத்தாழ 16,000 குழந்தைகள் உதவிப் பட்டியலிலிருந்து நீங்கினர். சமையல் வேலையும் உணவு பரிமாறும் வேலையும் செய்து நான்கு குழந்தைகளைக் காத்துவந்த ஒரு கறுப்பினத் தாய் தொடுத்த வழக்கில், 'கிங் எதிர் ஸ்மித்' என்ற 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மூலம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவ்விதியை வீழ்த்தியது.

அதே 1968இல் தொடங்கிய 'ஜூலியா' தொடர், டயான் கரோலைச் செவிலியராகக் காட்டிப் பணிப்பெண் பிம்பத்தை உடைத்தது. ஆயினும், அதிலும் கணவர் வியட்நாம் போரில் இறந்துபோனவர். இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் எஸ்தர் விதித்த நிபந்தனையின் எடை விளங்கும். பட்டினி கிடந்தாலும் மனைவி மக்களோடு வாழும், வேலை தேடி அலையும், அன்பும் கோபமும் கொண்ட ஒரு கறுப்பினத் தந்தையை 1974 பிப்ரவரியில் கோடிக்கணக்கானோர் கண்டனர். அந்தக் குடும்பம் ஏழையாக இருந்ததற்குக் காரணம் தந்தை இல்லாமை அன்று, வேலை இல்லாமை என்பதை அத்தொடர் வாரந்தோறும் காட்டியது.

வென்றதை இழந்த கதை

தொடர் வெற்றி பெற்றது. வெற்றியே சிக்கலுமானது. ஜிம்மி வாக்கர் நடித்த மூத்த மகன் ஜே.ஜே.யின் கோமாளித்தனமும், 'டைனமைட்' என்று அவன் நீட்டி முழங்கும் ஒற்றைச் சொல்லும் ரசிகர்களை ஈர்க்க, கதைகள் அவனைச் சுற்றியே எழுதப்பட்டன. 1975இல் 'எபனி' இதழில் எஸ்தர் தம் எதிர்ப்பை வெளிப்படையாக முன்வைத்தார். பதினெட்டு வயதாகியும் வேலை செய்யாத, படிக்காத, சிந்திக்காத ஓர் இளைஞனைக் கறுப்பினச் சிறுவர்களுக்கு முன்மாதிரியாக நிறுத்துவதை அவர் கண்டித்தார். மருத்துவராக விரும்பும் மகளும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகக் கனவு காணும் இளைய மகனும் அதே வீட்டில் இருக்க, கோமாளி மகனுக்கே இடம் ஒதுக்கப்பட்டதை ஜான் ஏமோஸும் சுட்டிக்காட்டினார்.

விளைவு என்ன? மூன்றாம் பருவத்துக்குப் பின் ஏமோஸ் நீக்கப்பட்டார். 1976இல் ஜேம்ஸ் எவன்ஸ் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்ததாகக் கதை எழுதப்பட்டது. எஸ்தர் போராடிப் பெற்ற தந்தையைத் திரைக்கதை கொன்றது. அடுத்த பருவத்தின் முடிவில், 1977இல், எஸ்தரும் வெளியேறினார். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைகளின் வீடாக அத்தொடர் ஓராண்டு ஓடியது, பார்வையாளர்கள் குறைந்தனர். அதன்பின் அவர் 1978இல் திரும்பினார், மீண்டும் நிபந்தனைகளோடு: கூடுதல் ஊதியம், தரமான கதைகள், ஜே.ஜே. பாத்திரத்துக்குப் பொறுப்புணர்வு. 1979இல் தொடர் நிறைவுற்றது.

அதே ஆண்டு, 'சம்மர் ஆஃப் மை ஜெர்மன் சோல்ஜர்' தொலைக்காட்சிப் படத்துக்காக எம்மி விருது பெற்றார். அதிலும் அவருக்கு வீட்டுப் பணியாளர் வேடமே. 1989இல் லொரைன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தின் தொலைக்காட்சி வடிவில், வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கத் துணியும் லீனா என்னும் தாயாக நடித்தார். ஹான்ஸ்பெரியின் தந்தை சிகாகோவில் அப்படி வீடு வாங்கி, உச்ச நீதிமன்றம்வரை சென்று 1940இல் வழக்கில் வென்றவர். லீனாவும் பிறர் வீடுகளில் வேலை செய்தவள்தான். ஆனால் கதை நடப்பது அவள் வீட்டில், முடிவெடுப்பவளும் அவள். 1998 நவம்பர் 17 அன்று எஸ்தர் ரோல் மறைந்தார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வீட்டுப் பணி இழிவானது என்று எஸ்தர் ஒருபோதும் கருதவில்லை. அப்பணியைச் செய்யும் பெண்ணுக்கு அறிவும் குடும்பமும் சினமும் இல்லை என்று காட்டுவதையே எதிர்த்தார். உழைப்பை மதிப்பதும், அவ்வுழைப்பை ஒரு சமூகத்தின் தலைவிதியாக்குவதை எதிர்ப்பதும் வேறுவேறல்ல என்பதை அவர் வாழ்க்கை தெளிவாக்குகிறது.

மறுத்தல், நிபந்தனை விதித்தல், பொதுவெளியில் விமர்சித்தல், வெளியேறுதல், தன் சொற்படி திரும்புதல் ஆகிய ஐந்தும் அவர் கையாண்ட கருவிகள். அவற்றின் எல்லையையும் நாம் மறைக்கக் கூடாது. எழுத்தறையும் தயாரிப்பும் பிறர் கையில் இருந்தவரை, ஒரு நடிகை வென்ற தந்தையை மூன்றே ஆண்டுகளில் அழிக்க முடிந்தது. தனி ஒருவரின் பேரம் அவர் தேவைப்படும்வரைதான் செல்லும். நீக்ரோ என்செம்பிள் கம்பெனி போன்ற சொந்த அரங்கங்களின் தேவை இங்கேதான் உறுதிப்படுகிறது.

எஸ்தர் தொலைக்காட்சிக்குள் நுழைந்த அதே 1972இல், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவிப் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானது. அவர்களும் முதலில் எழுத்தாளர்களாகவே எழுந்தார்கள். ஊடகத்தில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணும் மாணவர்கள், அவர்களில் எத்தனை பேரால் ஒரு வசனத்தை மறுக்க முடிகிறது, மறுத்த பின்னும் வேலையில் நீடிக்க முடிகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.