மந்திரப் பள்ளி வாத்தியாரும் கோவை ஜி. டி. நாயுடுவும்

முன்னுரை

ஜப்பானிய எழுத்தாளர் தாரோ ஹிட்சுஜியின் நாவல் வரிசையைத் தழுவி, 2017ஆம் ஆண்டு 12 பகுதிகளாக வெளிவந்த அனிமே தொடரைத் தமிழ்ப் பிள்ளைகள் ‘அகாஷிக் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் அறிவார்கள். மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்கு வரும் கிளென் என்னும் விசித்திர ஆசிரியரின் கதை இது. வழக்கத்தை மீறிய அத்தகைய ஆசிரியர் ஒருவர் நம் கோவையிலும் வாழ்ந்தார்.

கிளெனின் பாடம்

வேலையில் விருப்பமில்லாமல் வந்த கிளென், முதலில் வகுப்பறையில் தூங்கியே பொழுதைக் கழிக்கிறார். பின்னர் மனம் மாறி, எல்லோருக்கும் தெரிந்த ஓர் எளிய மின்னல் மந்திரத்தை எடுத்துக்கொள்கிறார். மூன்று அடிகளாகச் சொல்வதை நான்காகப் பிரித்துச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்கிறார். மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களுக்கு விடை தெரியவில்லை. மின்னல் வலப்பக்கம் வளையும் என்று கூறி, செய்தும் காட்டுகிறார்.

கோவையின் ஆசிரியர்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, மறுபடியும் பூட்டினார். அதுவே அவருடைய பள்ளிக்கூடம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கி, பெரும் தொழிலதிபராக உயர்ந்தார்.

1945இல் அவரது முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தோன்றியது. நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டுகளே போதும் என்றார் நாயுடு. அன்றைய ஆங்கில அரசு அதை ஏற்கவில்லை. அவர் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் தொடங்கிய பணி, தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இன்றும் தொடர்கிறது.

சிந்திக்க வேண்டியது

எல்லா ஊர் மாணவருக்கும் ஒரே மதிப்புள்ள சான்றிதழ் வேண்டுமானால் பொதுவான பாடத்திட்டமும் கால அளவும் தேவை. அரசின் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் காலம் கழிந்ததாலேயே கல்வி வந்துவிடாது என்பதை நாயுடுவின் வாழ்க்கை காட்டுகிறது.

ஓம் விதியைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் மாணவரிடம், ‘கம்பியின் நீளத்தை இருமடங்காக்கினால் மின்னோட்டம் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் மாறாதபோது மின்தடை இரட்டிப்பாகும், மின்னோட்டம் பாதியாகும். இதைத் தானே கண்டு சொல்லும் மாணவருக்கு விதி புரிந்துவிட்டது. மற்றவர்க்கு அது இன்னும் மந்திரமே.

முடிவுரை

இத்தகைய கேள்வி கேட்கப் புதிய சட்டமோ கூடுதல் செலவோ தேவையில்லை. பாடவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டும்.