மோனடி: சொல்லுக்கு வழிவிட்ட தனிக்குரல்

ஒருவர் பாட, ஒன்றிரண்டு வாத்தியங்கள் மட்டும் துணைநிற்கும் பாட்டுக்கு மேற்கத்திய இசையில் ‘மோனடி’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘மோனோஸ்’ என்றால் தனி; ‘ஓடே’ என்றால் பாட்டு. பழங்கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கோரஸ் குழு சேர்ந்து பாடும். நடிகர் தனியாக, பெரும்பாலும் புலம்பலாகப் பாடுவதே மோனடி. யூரிப்பிடீஸின் நாடகங்களில் இவ்வகைப் பாட்டுகள் நிறைய உண்டு.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியிலோ மாட்ரிகல் கொடிகட்டிப் பறந்தது. நாலைந்து பேர் ஆளுக்கொரு மெட்டில் பாடுவார்கள். இனிமைக்குக் குறைவில்லை, ஆனால் ஒருவர் முதல் சொல்லில் நிற்க, இன்னொருவர் அடுத்த அடிக்கே போயிருப்பார். கவிதை காதில் விழாது. ஃபுளோரன்ஸ் நகரில் ஜியோவன்னி தே பார்தி பிரபுவின் வீட்டில் கூடிய கவிஞர்களுக்கும் இசைவாணர்களுக்கும் இது பெருங்குறையாகப் பட்டது. அவர்களில் ஒருவரான வின்சென்சோ கலிலெய், வானியல் மேதை கலிலியோவின் தந்தை. கிரேக்க இசை மனத்தை உருக்கியதற்கு ஒற்றை மெட்டே காரணம் என்று 1581இல் வெளியிட்ட நூலில் வாதாடினார்.

அந்த வாதத்தைப் பாட்டாக்கிக் காட்டியவர் பாடகர் ஜூலியோ காச்சினி. 1602இல் வெளிவந்த அவரது பாட்டுத் தொகுப்பின் பெயரே ‘புதிய இசை’. முதலிடம் சொல்லுக்கு, அடுத்தது தாளத்துக்கு, ஒலிக்குக் கடைசி இடம் என்று முன்னுரையில் அடித்துச் சொன்னார்.

இந்தப் பாட்டுகள் ஏட்டில் இரண்டே வரிசைதான். மேலே பாடகரின் மெட்டு. கீழே மந்தர ஸ்வரங்கள். தேவையான இடத்தில் அந்த ஸ்வரத்தோடு ஓர் எண் இருக்கும். 6 என்றிருந்தால், அந்த ஸ்வரத்தையே ஒன்றாக வைத்து எண்ணி, மூன்றாவதையும் ஆறாவதையும் சேர்த்து மீட்ட வேண்டும். எண் இல்லாவிட்டால் மூன்றாவதும் ஐந்தாவதும். நீண்ட கழுத்துள்ள தியார்போ என்னும் நரம்பு வாத்தியத்தை வாசிப்பவர் மீதியை அங்கேயே இட்டு நிரப்புவார். பாடகர் ஒரு சொல்லில் உருகி நின்றால் அவரும் நிற்பார்.

இந்தப் பாணியில்தான் ஆப்பெரா என்னும் இசைநாடகம் பிறந்தது. முழு இசையும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஆப்பெரா, 1600இல் அரங்கேறிய யாகோப்போ பெரியின் ‘யூரிடிசி’. 1607இல் மான்டெவெர்டியின் ‘ஆர்ஃபியோ’ அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. 1630களில் ஜியோவன்னி பாட்டிஸ்டா டோனி என்ற அறிஞர்தான் பழைய கிரேக்கப் பெயரை இந்தப் புதிய பாட்டுக்குச் சூட்டினார்.

மோனடியைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் காச்சினியின் ‘அமரில்லி’யிலிருந்து தொடங்கலாம். தியார்போ துணையோடு பாடிய பதிவைத் தேடிக் கேளுங்கள். இத்தாலி மொழி தெரியாதவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே காதில் விழும்.